காந்தியின் உடை

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியின் (1869–1948) உடை அவர் வாழ்நாளில் பலமுறை மாறியது. அந்தந்தக் காலத்தில் அவர் யாரோடு தம்மைச் சேர்த்துக்கொண்டார் என்பதை அந்த மாற்றங்கள் காட்டுகின்றன. 1921இல் மதுரையில் ஏற்ற அரையாடை, அதாவது முழங்காலளவு வேட்டி, கடைசி மாற்றம்.

1888இல் சட்டம் படிக்க லண்டன் சென்றவர், முதலில் ஆங்கிலக் கனவானாகத் தோன்ற முயன்றார். 19 ஷில்லிங்குக்கு உயரத் தொப்பி, பாண்ட் தெருவில் 10 பவுண்டுக்குத் தைத்த மாலை உடுப்பு, தமையனிடம் கேட்டு வரவழைத்த தங்கக் கடிகாரச் சங்கிலி என்று சுயசரிதையில் அவரே கணக்குச் சொல்கிறார். பின் தென்னாப்பிரிக்கா சென்றார். 1893இல் அங்கே டர்பன் நகர நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னபோது, மறுத்து வெளியேறினார். அடுத்த ஆண்டு, முதலாளியிடம் அடிபட்ட பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளர் தலைத்துணியைக் கையில் பிடித்தபடி காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளையர் முன் அப்படித்தான் நிற்கவேண்டும் என்பது அங்கிருந்த வழக்கம். துணியைத் தலையில் கட்டிக்கொள்ளும்படி காந்தி சொன்னார். 1913இல் தென்னாப்பிரிக்க இந்தியர்களின் போராட்டத்தில் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, துக்கத்தின் அடையாளமாக அவர்களைப் போலவே சட்டையும் லுங்கியும் உடுத்தத் தொடங்கினார். 1915இல் தாயகம் திரும்பியபோது உடுத்தியிருந்தது கத்தியவார்ப் பாணி வேட்டி, அங்கி, தலைப்பாகை; துணி இந்திய ஆலைத் துணி. கைராட்டையும் கதரும் அதற்குப் பின்பே அவர் வாழ்வில் நுழைந்தன.

1921 ஜூலை 31 அன்று பம்பாயில் அயல்நாட்டுத் துணிகளைக் குவித்து எரித்தார்கள். எரித்தவர்கள் மாற்றாக எதை உடுத்துவது என்ற சிக்கல் உடனே எழுந்தது. கதர் போதுமான அளவு கிடைக்கவில்லை. கிடைத்ததும் ஆலைத் துணியைவிட விலை கூடியது. செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரை செல்லும் ரயிலில், அயல்நாட்டுத் துணி உடுத்தியிருந்த சக பயணிகளிடம் கதர் உடுத்துமாறு காந்தி கேட்டார். அந்த விலை தங்களுக்குக் கட்டுப்படியாகாது என்றார்கள். அப்போது அவர் மேற்சட்டை, தொப்பி, முழு வேட்டி மூன்றையும் அணிந்திருந்தார். அவர்கள் சொன்னதில் நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. கதர் வாங்க முடியாதவர் துணியைக் குறைத்துக்கொண்டேனும் அயல்துணியை விட முடியும் என்பதைத் தம் உடம்பிலேயே காட்ட முடிவுசெய்தார். செப்டம்பர் 22 அன்று, மதுரை மேலமாசி வீதி வீட்டு மாடியிலிருந்து அரையாடையுடன் இறங்கிவந்தார்.

இதைத் துறவுக் கோலமாகவே பலர் படிக்கிறார்கள். உண்மையில் அதற்குள் ஒரு துணிக்கணக்கு இருந்தது. அதைக் கவனிக்காமல் இந்த உடையைப் புரிந்துகொள்ள முடியாது. முதலில் அக்டோபர் 31 வரை மட்டுமே என்று கெடு வைத்தார். குளிருக்கோ உடல்நலத்துக்கோ மேலே ஒரு துண்டு போர்த்திக்கொள்ள இடம் விட்டார். தம்மைப் பின்பற்றி அரையாடைக்கு மாறும்படி தோழர்களை அவர் கேட்கவில்லை. கெடு முடிந்த பிறகும் அவர் பழைய உடைக்குத் திரும்பவில்லை.

உடைக்குப் பின்னால் ஒரு தொழில் அமைப்பும் எழுந்தது. உறுப்பினர் கட்டணமாகக் கைநூல் தரவேண்டும் என்று காங்கிரஸ் 1924இல் விதித்தது, விதி நீடிக்கவில்லை. 1925இல் அகில இந்திய நூற்போர் சங்கம் தொடங்கி நூற்பு, நெசவு, விற்பனை மூன்றையும் கவனித்தது. 1931இல் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் சென்ற காந்தி, அதே வேட்டியும் போர்வையுமாகப் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்தார். இந்தியப் புறக்கணிப்பால் அடிபட்ட லங்காஷயர் நெசவு நகரான டார்வெனுக்குச் சென்றபோதும் உடையை மாற்றவில்லை. ஆலைத் தொழிலாளர்கள் அவரை அன்புடன் வரவேற்றார்கள்.

கதர் பரவியபோது அதன் பொருளும் மாறியது. விடுதலைக்குப் பின் அது பதவியில் இருப்போரின் சீருடையானது. நூற்காதவரும் நெய்தவரை அறியாதவரும் அதை உடுத்தினார்கள். 1920களில் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்ற பெரியார் ஈ.வெ.ரா., 1925இல் காங்கிரஸை விட்டு விலகினார்; 1945இல் கறுப்புச் சட்டைப் படையை அமைத்தார். அம்பேத்கர் கோட்டும் டையும் அணிந்தார். நல்ல துணி உடுத்தவே தடை இருந்த சாதிகளில் பிறந்தவர்களுக்கு, துணியைக் குறைப்பது உரிமையின் அடையாளமாகத் தெரியவில்லை. அம்பேத்கரின் சிலைகள் இன்றும் நீலக் கோட்டுடனேயே நிறுவப்படுகின்றன.