ஒரு மூச்சு நேரம்: மார்பு சி.டி. ஸ்கேனின் கதை



பி.காம். படிக்கிறவனுக்கு ஸ்கேன் மெஷினில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் என் தாத்தா. சென்ற மாதம் அவருக்கு விடாத இருமல். எக்ஸ்ரேயில் ஏதோ நிழல் தெரிகிறது என்று மார்புக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். துணைக்குப் போனவன் நான். "மூச்சை நல்லா இழுத்து அப்படியே பிடிங்கய்யா... ம், விடலாம்." அவ்வளவுதான், முடிந்துவிட்டது! இந்த ஒரு மூச்சு நேரத்துக்கு வந்து சேர எத்தனை வருடம் ஆனது என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எக்ஸ்ரே படத்தில் விலா எலும்பு, இதயம், நுரையீரல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இதயத்துக்குப் பின்னால் ஒரு சிறு கட்டி இருந்தால் கண்ணில் படாமலே போகலாம். பல கோணங்களில் கதிரைச் செலுத்தி, உடல் எவ்வளவு உறிஞ்சியது என்று கணக்குப் போட்டால் குறுக்குவெட்டுப் படம் கிடைக்கும். இந்தக் கணக்கை தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆலன் கார்மாக் 1963, 64-ல் வெளியிட்டார். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

அதைத் தெரியாமலே தனியாக யோசித்தவர் இங்கிலாந்தின் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். இவர் வேலை பார்த்த கம்பெனி இ.எம்.ஐ. (மாதத் தவணை இல்லை, பீட்டில்ஸ் இசைத்தட்டு விற்ற கம்பெனி!) பீட்டில்ஸ் பணத்தில்தான் ஸ்கேன் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. உண்மையில் பிரிட்டன் அரசின் சுகாதாரத்துறை கொடுத்த தொகைதான் அதிகம். 1971 அக்டோபர் 1-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு மூளை ஸ்கேன் எடுத்தார்கள். 1979-ல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அந்த முதல் மெஷின் தலைக்கு மட்டும்தான். ஏன்? ஒரு முறை சுற்றிப் படமெடுக்கச் சில நிமிடங்கள் ஆனது. தலையை அசையாமல் வைத்திருக்கலாம். மார்பை எப்படி வைத்திருப்பது? மூச்சு வாங்கும், இதயம் துடிக்கும், படம் கலங்கிப்போகும். அமெரிக்காவில் பல் மருத்துவம் படித்த ராபர்ட் லெட்லி, 1973-74-ல் முழு உடலுக்குமான ஸ்கேனரை உருவாக்கினார். 1975-ல் இ.எம்.ஐ.யும் உடல் ஸ்கேனர் கொண்டுவந்தது. ஒரு துண்டுக்கு சுமார் 20 விநாடி, அதாவது மூச்சைப் பிடிக்க முடிகிற நேரம்.

அப்போதும் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மூச்சு. இரண்டு மூச்சும் ஒரே அளவாக இருக்காதே! இரண்டு துண்டுக்கு நடுவில் சிறு கட்டி நழுவிவிடும். 1989 வாக்கில் ஜெர்மனியின் வில்லி காலெண்டர் போன்றவர்கள் இதற்கு வழி கண்டார்கள். எக்ஸ்ரே குழாய் நிற்காமல் சுற்றும், மேசையும் நகர்ந்துகொண்டே இருக்கும், ஸ்பிரிங் சுருள் மாதிரி. முழு நுரையீரலும் ஒரே மூச்சில்! 1998-ல் ஒரு சுற்றில் 4 துண்டு எடுக்கும் மெஷின்கள் வந்தன. இன்று சில விநாடிகளே போதும்.

சரி, இதனால் உயிர் பிழைக்கிறார்களா? அமெரிக்காவில் 2002-ல் தொடங்கிய ஆய்வில் அதிகம் புகைபிடித்த 53,454 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்குக் குறைந்த கதிரளவில் சி.டி., மீதிப் பேருக்கு எக்ஸ்ரே. 2011-ல் வெளியான முடிவு: சி.டி. எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைவு. ஆனால் இன்னொரு கணக்கும் அதிலேயே இருக்கிறது. சி.டி.யில் சந்தேகம் என்று வந்த 100 முடிவுகளில் ஏறக்குறைய 96 புற்றுநோயே இல்லை!

தாத்தாவின் ரிப்போர்ட்டில் '6 மி.மீ. முடிச்சு' என்று இருந்தது. வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. டாக்டரோ, "ஆறு மாசம் கழிச்சு மறுபடி எடுத்துப் பார்ப்போம், வளருதான்னு பார்க்கணும்" என்றார். அலட்சியம் என்று அப்பாவுக்குக் கோபம். இதையெல்லாம் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. மெஷின் வேகமாகிவிட்டது, சின்னப் புள்ளியைக்கூடக் காட்டிவிடும். அது என்ன புள்ளி என்பதைச் சொல்லப் பல சமயம் காலம்தான் வேண்டும். அப்பாவிடமும் இதைச் சொன்னேன். கொஞ்சம் அமைதியானார்.

தாத்தா பீடியை விட்டுவிட்டார். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. காத்திருக்கிறோம்.