கிராமத்தில் வீடு கட்டப் போறீங்களா? உடனடி அனுமதி கிடைக்கும்... ஆனா மனை விவரத்துக்கு நீங்கதான் பொறுப்பு!

வாஸ்து நாள் பார்த்தாச்சு, கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, செங்கல் லோடும் வந்து இறங்கியாச்சு. கட்டட அனுமதி வாங்கியாச்சா என்று கேட்டால் மட்டும், "பஞ்சாயத்துல சொல்லியிருக்கோம், பார்த்துக்கலாம்" என்ற பதில்தான் பல ஊர்களில் வருகிறது.

சொன்னால் போதாது. தமிழ்நாட்டில் நகரமோ கிராமமோ, எங்கே வீடு கட்டினாலும் உள்ளாட்சி அமைப்பின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கிராம ஊராட்சிகளுக்கும் பொருந்தும். ஊராட்சியில் அனுமதி தரும் அதிகாரம் தலைவருக்கு. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்த 28 மாவட்டங்களில் அந்தப் பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. யார் பொறுப்பில் இருந்தாலும் "வாய்மொழி அனுமதி" என்று ஒன்று கிடையாது.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு: "வீட்டு வரி ரசீது இருக்கே, அப்புறம் என்ன?" வரி ரசீது என்பது வரி கட்டியதற்கான ஆதாரம் மட்டும்தான். அனுமதி இல்லாத வீட்டுக்கும் ஊராட்சி வரி வசூலிக்கும். வங்கியில் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போதுதான் இந்த வித்தியாசம் பலருக்குப் புரிகிறது. மேனேஜர் முதலில் கேட்பது அனுமதி பெற்ற வரைபடத்தைத்தான்.

உடனடி அனுமதி யாருக்கு?

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுய சான்றிதழ் திட்டத்தைத் தொடங்கியது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். திட்டம் தொடங்கியபோது உயர வரம்பு 7 மீட்டராக, அதாவது சுமார் 23 அடியாக இருந்தது. தரைத்தளம், அல்லது தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட குடியிருப்பாக இருக்க வேண்டும் என்பதும் அப்போதைய நிபந்தனை. இதற்குள் வந்தால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தியதும் அனுமதி கிடைத்துவிடும். முன்கூட்டியே யாரும் வந்து இடத்தைப் பார்க்க மாட்டார்கள்.

கிராமத்தில் மனையை சதுர அடியில் யார் சொல்கிறார்கள்? சென்ட் கணக்குதான். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஐந்து சென்ட் மனை 2,178 சதுர அடி, திட்டத்துக்குள் வரும். ஐந்தரை சென்ட்டும் வரும். ஆனால் ஆறு சென்ட் 2,614 சதுர அடி ஆகிவிடும், வராது. கட்டப்போவது ஒரே ஒரு படுக்கையறை வீடுதான் என்றாலும், மனை அளவு தாண்டினால் வழக்கமான வழியில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதுவும் ஊராட்சி அளவிலேயே முடியக்கூடியதுதான். 10,000 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்கு உள்ளாட்சி அமைப்புகளுக்கே அதிகாரம் பகிர்ந்து கொடுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் போனால் டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தைப் பார்க்க வேண்டும்.

முன்பக்கம் சின்னதா ஒரு மளிகைக்கடை போட்டுக்கலாம் என்ற திட்டம் இருந்தால் கவனம். சுய சான்றிதழ் வீட்டுக்கு மட்டும்தான். வீடு என்று அனுமதி வாங்கி ஷட்டர் மாட்டினால் அது விதிமீறல்.

கட்டணம் எவ்வளவு?

கட்டப்போகும் சதுர அடியை வைத்துக் கணக்கிடுகிறார்கள், ஊராட்சிக்கு ஊராட்சி மாறும். சுய சான்றிதழில் பரிசீலனைக் கட்டணமும், உட்கட்டமைப்பு மற்றும் வசதிக் கட்டணமும் கிடையாது. தொகை எவ்வளவு என்பது இணையதளத்திலேயே தெரிந்துவிடும், அங்கேயே செலுத்தலாம். கள ஆய்வே இல்லாத திட்டத்தில் "ஆபீஸ் செலவுக்கு" என்று யாராவது தனியாகக் கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேட்கலாம்.

சிக்கல் வீட்டில் இல்லை, மனையில்தான்

"சுய சான்று" என்றால் என்ன அர்த்தம்? மனை என்னுடையது, அளவு சரி, விதிப்படி கட்டுவேன் என்று உரிமையாளரே உறுதி கொடுக்கிறார். முன்பு அதிகாரி பார்த்து "இது சரியில்லை" என்று திருப்பி அனுப்பிய தவறை, இப்போது முன்கூட்டியே சொல்ல ஆள் இல்லை. சொன்ன விவரம் தப்பு என்று பின்னால் தெரிந்தால் அனுமதி ரத்தாகும். அதற்குள் லிண்டல் மட்டம் வரை சுவர் எழும்பியிருக்கலாம். அனுமதியில்லாத கட்டுமானத்தை நிறுத்தவும், சீல் வைக்கவும், இடிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால் விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் மனையின் கதையை முழுசாகப் படித்துவிடுவது நல்லது.

முதலில் பட்டா. தாத்தா பெயரில் பட்டா, அப்பா காலத்தில் வாய்வழியாகப் பிரித்துக்கொண்ட பங்கு, இப்போது பேரன் வீடு கட்டுகிறார். கிராமங்களில் சர்வசாதாரணமான நிலைமை இது. ஊருக்கே தெரிந்த பங்குதான் என்றாலும் ஆவணத்தில் அது இல்லை. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து, கூட்டுப் பட்டாவை உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிய பிறகு விண்ணப்பித்தால்தான் நாளைக்கு சித்தப்பா மகன் தடை கேட்டு நீதிமன்றம் போகாமல் இருப்பார். போனாலும் நிற்காது.

அடுத்தது நிலத்தின் வகை. நத்தம் என்றால் அது குடியிருப்புக்கான இடம், பெரிய சிக்கல் இல்லை. நஞ்சை, புஞ்சை என்று இருந்தால் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற அனுமதி தேவைப்படும். நஞ்சைக்கு மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். "வரப்போரமா ரெண்டு சென்ட்தானே" என்பது அங்கே பதிலாகாது. ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம். எத்தனை வருஷம் குடியிருந்தாலும், கரண்ட் கனெக்‌ஷன் இருந்தாலும், நீர்நிலை ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புதான்.

மூன்றாவது, பிளாட் போட்டு விற்ற மனைகள். மஞ்சள் கல் நட்டு, ஆர்ச் வைத்து விற்ற எல்லா லேஅவுட்டும் அங்கீகாரம் பெற்றதல்ல. இப்படிப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு விதிகள் கொண்டுவந்தது. அந்த லேஅவுட்டில் ஒரு மனையாவது 2016 அக்டோபர் 20-க்குள் பத்திரப்பதிவு ஆகியிருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. விண்ணப்பிக்க அவகாசம் பலமுறை நீட்டிக்கப்பட்டது. இப்போது வாய்ப்பு திறந்திருக்கிறதா என்பதை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வரன்முறை ஆகாத மனையில் கட்டட அனுமதி நிற்காது.

இதையெல்லாம் சரிபார்க்க அலைய வேண்டியதில்லை. பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று மூன்றையும் ஆன்லைனில் பார்க்கலாம். பத்திரத்தில் உள்ள அளவும் பட்டாவில் உள்ள அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பக்கத்துக் காலிமனைக்காரர் வேலியை நகர்த்தியிருக்கும் சந்தேகம் இருந்தால், கட்டணம் செலுத்தி சர்வேயரை வரவழைத்து அளந்துவிடுங்கள். அஸ்திவாரம் தோண்டிய பிறகு அளந்தால் அது சண்டை அளவாகிவிடும்.

வரைபடம் ஒன்று, வீடு ஒன்று

அனுமதியில் 800 சதுர அடி, கட்டியது 1,200 என்பது அடிக்கடி நடக்கிறது. கட்டணத்தைக் குறைக்க சிலர் தெரிந்தே செய்கிறார்கள். சிலருக்குப் பாதியில் ஆசை வளர்ந்துவிடுகிறது. கூடுதலாகக் கட்டியது அனுமதி இல்லாத பகுதிதான். திட்டம் மாறினால் திருத்திய அனுமதி வாங்கிக்கொண்டு கட்டலாம்.

அதேபோல மனையை முழுசாக அடைத்துக் கட்டக்கூடாது. சாலையின் அகலத்தைப் பொறுத்து முன்பக்கம் இடம் விட வேண்டும். மற்ற பக்கங்களுக்கும் அளவு உண்டு. மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கொத்தனார் "தெருவுல எல்லாரும் இப்படித்தான் கட்டியிருக்காங்க" என்பார். கையெழுத்து போட்டது கொத்தனார் இல்லை.

சுய சான்றிதழில் கட்டிய வீட்டுக்குப் பணி நிறைவுச் சான்று தேவையில்லை. வேலை முடிந்ததும் ஊராட்சியில் வீட்டு வரி நிர்ணயத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். அனுமதிக் கடிதத்தையும் வரைபடத்தையும் பிரிண்ட் எடுத்துப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள். பத்து வருஷம் கழித்து மாடி எடுக்கும்போது முதலில் தேடப்போவது அதைத்தான்.