மூழ்கிய அடகு

நகையை அடகு வைத்துப் பழகியவர்களுக்கு இரண்டு சொற்கள் நன்றாகத் தெரியும். ஒன்று மீட்பது, மற்றது மூழ்குவது. என் பாட்டி ஒவ்வொரு கிறிஸ்மசுக்கு முன்பும் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போய்க் கம்மலை மீட்டு வருவாள். ஜனவரி பிறந்ததும் அது மறுபடி கடைக்குப் போய்விடும். ஒரு வருஷம் வட்டி ஏறிக் கம்மல் மூழ்கியே போனது. ஆபீசர் ஐயா பிரசங்கத்தில் மீட்பு என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் கம்மல்தான் ஞாபகத்துக்கு வருமாம். சிறு வயதில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நம் இரட்சணிய சேனையின் ஸ்தாபகரும் அடகுக் கடையில்தான் வளர்ந்தார் என்று படித்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வில்லியம் பூத் 1829 ஏப்ரல் 10 அன்று இங்கிலாந்தின் நாட்டிங்காமை ஒட்டிய ஸ்னெய்ன்டனில் பிறந்தார். குடும்பம் நொடித்துப்போகவே 13 வயதில் அடகுக் கடையில் வேலை பழகச் சேர்த்துவிட்டார்கள். அதே 1842இல் தகப்பனாரும் இறந்தார். திங்கட்கிழமை ஞாயிறு உடுப்பை அடகு வைத்து வாரத்தை ஓட்டுவதும், சனிக்கிழமை கூலி வந்ததும் அதை மீட்பதும் அந்தக் காலத்து ஆங்கிலேய ஏழைகளின் வழக்கம். உடுப்புக்கு அடுத்தபடி தச்சனின் உளி போகும், படுக்கை விரிப்பு போகும், கடைசியில் கல்யாண மோதிரமும் போகும். வறுமையைப் பற்றி எழுதியவர்கள் பலர். பையன் பூத் அதைக் கல்லாவுக்குப் பின்னால் நின்று, சீட்டு எழுதிக் கொடுத்துக் கற்றார். அந்த வேலையை அவர் வெறுத்தார். ஆனாலும் 1849இல் லண்டனுக்குப் பிழைக்க வந்தபோது கிடைத்ததும் அதே வேலைதான்.

1855இல் கேத்தரின் மம்ஃபோர்டை மணந்தார். மெதடிஸ்ட் பிரிவு ஒன்றில் போதகரானார். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிக்க மேலிடம் விடவில்லை என்று அதையும் உதறினார். இந்த இடத்தில் விழா மலர்கள் வழக்கமாக அவரை மட்டுமே பேசிவிட்டுக் கேத்தரினை ‘துணைவியார்’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றன. பெண்கள் பிரசங்கிக்கலாம் என்று 1859இல் துண்டுப் பிரசுரம் எழுதியவர் அவர். மறு வருஷம் கேட்ஸ்ஹெட் ஆலயத்தில் தானே எழுந்து பேசினார். குடும்பம் 1865இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்ததற்கும், தேம்ஸ் நதியோரத்து ராதர்ஹைத்தில் பேச அவருக்கு வந்த அழைப்பே காரணம். கணவர் வேலை தேடிக்கொண்டிருந்தார், மனைவிக்குக் கூட்டங்கள் இருந்தன.

அந்தக் கோடையில்தான் கிழக்கு லண்டனின் ஒயிட்சேப்பலில், பிளைண்ட் பெக்கர் என்ற மதுக்கடைக்கு வெளியே தெருப் பிரசங்கம் செய்துகொண்டிருந்த சிலர் வில்லியமைப் பேச அழைத்தார்கள். ஜூலை 2ஆம் தேதி குவேக்கர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தில் போட்ட கூடாரத்தில் அவர் கூட்டம் தொடங்கினார். சேனையின் பிறந்த நாளாக நாம் கொண்டாடுவது அதைத்தான். துறைமுகத்தில் அன்றாடக் கூலி, வேலை இல்லாத நாளில் பட்டினி, ஒரே அறையில் ஒரு குடும்பம், முக்குக்கு முக்கு சாராயக் கடை என்று கிடந்த பகுதி அது. மறு வருஷமே காலரா வந்து கிழக்கு லண்டனில் 5,500க்கும் மேற்பட்டோரை அள்ளிக்கொண்டு போனது. குடிதண்ணீரே விஷமாகியிருந்தது.

கூடாரம் காற்று மழைக்குத் தாங்கவில்லை. அடுத்த இடம் ஒரு நடனக் கூடம். சனிக்கிழமை ஆட்டம் விடிகாலையில்தான் முடியும், அதற்குப் பிறகு பெஞ்சுகளைச் சுமந்து வந்து போட்டு ஆராதனை நடத்த வேண்டும். கம்பளிக் கிடங்கு ஒன்றில் கூடியபோது தெருப் பையன்கள் ஜன்னல் வழியாகச் சேற்றையும் பட்டாசையும் எறிந்தார்கள். 1867இல் ஈஸ்டர்ன் ஸ்டார் என்ற பழைய பீர் கடை கைக்கு வந்தது. ஒழுங்கான ஆலயம் கிடைத்திருந்தால் இந்த ஊழியம் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கோயில் வாசலை மிதிக்கக் கூசியவர்கள் பீர் கடைக்குள் கூசாமல் வந்தார்கள்.

இயக்கத்துக்கு அப்போது கிறிஸ்தவ மிஷன் என்று பெயர். 1878இல் ஆண்டறிக்கையைத் திருத்தும்போது, தங்களைத் தொண்டர் படை என்று வர்ணித்திருந்த வரியில் ‘தொண்டர்’ என்பதை அடித்துவிட்டு ‘இரட்சிப்பு’ என்று பூத் எழுதினார். இரட்சணிய சேனை என்ற பெயர் அந்தப் பேனாக் கிறுக்கலில் வந்தது. 1879 டிசம்பரில் சேனையின் ஆங்கிலப் பத்திரிகை வெளிவந்தது. நம் தமிழ்ப் பத்திரிகை ‘போர்ச்சத்தம்’ அதன் வழிவந்ததே. பேண்டும் சீருடையும் வந்தன, கூடவே கல்லடியும் வந்தது. சாராயக் கடைக்காரர்களின் ஆதரவோடு எலும்புக்கூடு சேனை என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 1882இல் மட்டும் 669 பேர் தாக்கப்பட்டதாகச் சேனையின் கணக்கு சொல்கிறது. அமைதியாக ஊர்வலம் போகிறவர்களை, எதிர்க் கும்பல் கலகம் செய்யும் என்பதற்காகத் தண்டிக்க முடியாது என்று அதே ஆண்டு பீட்டி எதிர் கில்பேங்க்ஸ் வழக்கில் தீர்ப்பானது. நம் ஊர்ச் சட்டக் கல்லூரிப் பிள்ளைகளும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

இதுவரை சொன்னது பெருமைக் கதை. கொஞ்சம் சங்கடமான பகுதியும் உண்டு. முதல் இருபது வருஷம் சேனை முக்கியமாகப் பிரசங்கத்தையே நம்பியது. 1870களின் தொடக்கத்தில் மலிவு விலைச் சாப்பாட்டுக் கடைகள் நடத்திப் பார்த்தார்கள். எந்நேரமும் சூடான சூப், ஆறு பென்னிக்கு முழுச் சாப்பாடு. கடைகளைக் கவனித்தது பூத்தின் பதின்பருவத்து மூத்த மகன் பிராம்வெல். 1874க்குள் எல்லாம் மூடப்பட்டன. இந்தத் தோல்வியை நம் வரலாறுகள் ஒரு வரியில் தாண்டுகின்றன.

மறுபடி கதவைத் திறந்தவர்கள் பெண்கள். எலிசபெத் காட்ரில் என்ற சேனைப் பெண்மணி, தெருவில் விடப்பட்ட பெண்களை ஒயிட்சேப்பலில் இருந்த தன் வீட்டிலேயே தங்கவைத்தார். வீடு கொள்ளவில்லை. 1884இல் ஹான்பரி தெருவில் ஓர் இல்லம் எடுத்தார்கள். பொறுப்பேற்றவர் பிராம்வெல்லின் மனைவி ஃபுளோரன்ஸ், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண். அங்கே வந்தவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டு அவருக்குத் தூக்கம் போயிற்று. சிறுமிகளை விலைக்கு வாங்கும் வியாபாரம் பற்றிப் பத்திரிகையாளர் டபிள்யூ. டி. ஸ்டெட் எழுதியதற்குப் பின்னால் இந்த இல்லம் இருக்கிறது. சேனை 3,93,000 கையெழுத்துகளைத் திரட்டி நாடாளுமன்றத்துக்குச் சுமந்துபோனது. 1885 சட்டம் பெண்களின் சம்மத வயதை 13இலிருந்து 16 ஆக்கியது. மூன்று வருஷம் கழித்து, அதே ஹான்பரி தெருவின் 29ஆம் எண் வீட்டுக் கொல்லையில் ஒரு பெண் கொலையுண்டு கிடந்தாள். உலகம் கொலைகாரனுக்குப் பெயர் சூட்டி இன்றுவரை பேசுகிறது. படுக்கைக் கூலி கையில் இல்லாததால் அவள் அன்றிரவு விடுதியை விட்டு வெளியே வந்தவள்.

படுக்கைக் கூலி இல்லாதவர்களை வில்லியம் பூத் தன் கண்ணால் பார்த்தது 1887இன் ஓர் இரவில். வெளியூர்க் கூட்டம் முடிந்து திரும்புகையில் லண்டன் பாலத்தில் ஆட்கள் குளிரில் சுருண்டு கிடந்தார்கள். மறுநாள் காலை பிராம்வெல்லிடம் பொரிந்து தள்ளினார். மகனுக்கு இது தெரியாத செய்தி அல்ல. எல்லாவற்றையும் நாமே செய்ய முடியுமா என்று தயங்கினார். ஒரு கிடங்கைப் பிடி, சூடேற்று, போர்த்த ஏதாவது கொடு, ஆனால் செல்லம் கொடுத்துக் கெடுக்காதே என்று அப்பா உத்தரவிட்டார். 1888 பிப்ரவரியில் லைம்ஹவுஸில் முதல் இரவு விடுதி திறந்தது. நான்கு பென்னிக்கு இரவுச் சாப்பாடு, படுக்கை, காலை உணவு. படுக்கை என்பது சவப்பெட்டி போன்ற மரப்பெட்டி. கேலி பேசினார்கள். பெட்டிகள் நிரம்பின.

1890 அக்டோபரில் அவரது ‘இருண்ட இங்கிலாந்து’ நூல் வந்தது. நாட்டில் பத்தில் ஒருவர், சுமார் 30 லட்சம் பேர், மூழ்கிக் கிடக்கிறார்கள் என்றார். ஆங்கிலத்தில் அது நீரில் மூழ்குவதுதான். தமிழ்க் காதுக்கோ அடகுக் கடை கேட்கிறது: தவணை தப்பி, வட்டி ஏறி, இனி யாரும் மீட்க வரமாட்டார்கள் என்று கடைக்காரன் ஒதுக்கிவைத்த பொருள். வண்டிக் குதிரை விழுந்தால் யார் குற்றம் என்று விசாரிக்காமல் தூக்கி நிறுத்துகிறோம், அதற்குத் தீனியும் கொட்டிலும் வேலையும் தருகிறோம், அந்த அளவாவது மனிதனுக்கு வேண்டாமா என்று கேட்டார். ஓராண்டுக்குள் சுமார் 2,00,000 பிரதிகள் விற்றன. சேனையில் நடப்பது தனிமனித ஆட்சி என்று விஞ்ஞானி ஹக்ஸ்லி பத்திரிகைக்குக் கடிதம் கடிதமாக எழுதித் தாக்கினார். அந்தக் குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சேனையில் ஜெனரல் சொல்வதே சட்டமாக இருந்தது.

நூலில் சொன்னவற்றில் என் மனதைப் பிடித்தது தீப்பெட்டி. அன்றைய தீக்குச்சித் தொழிலில் புழங்கிய வெள்ளைப் பாஸ்பரஸ் தொழிலாளிகளின் தாடை எலும்பை அழுகவைத்தது. சேனை 1891இல் ஓல்டு ஃபோர்டில் சிவப்புப் பாஸ்பரஸ் தீப்பெட்டித் தொழிற்சாலை தொடங்கியது. 144 பெட்டிக்கு 4 பென்னி கூலி, வெளியில் கிடைத்ததைவிட அதிகம். விலையும் அதிகம், ஆகவே விற்பனை தள்ளாடியது. 1901இல் ஆலை கைமாறியது. அதே ஆண்டு பெரிய கம்பெனியான பிரையன்ட் அண்டு மேயும் வெள்ளைப் பாஸ்பரஸை நிறுத்தியது. 1908இல் தடைச் சட்டமே வந்தது. வியாபாரமாகப் பார்த்தால் அதுவும் சாப்பாட்டுக் கடை மாதிரித் தோல்விதான்.

நூல் வெளிவந்த அதே மாதம், 4ஆம் தேதி, கேத்தரின் புற்றுநோயால் மகிமைக்கு உயர்த்தப்பட்டார். அதற்கு எட்டு வருஷம் முன்பே, 1882 செப்டம்பர் 19 அன்று, ஃபிரெடரிக் டக்கர் தலைமையில் சேனையினர் நான்கு பேர் பம்பாயில் இறங்கிவிட்டார்கள். காவி உடுத்துத் தன்னை ஃபக்கீர் சிங் என்று அழைத்துக்கொண்டார் டக்கர். 1890களில் நாகர்கோவிலில் ஹாரி ஆண்ட்ரூஸ் என்ற இளைஞர் தன் குடியிருப்பின் குளியலறையில் மருந்துப் புட்டிகளை அடுக்கி வைத்து நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். நடனக் கூடம், பீர் கடை வரிசையில் குளியலறையும் சேர்ந்தது. 1900இல் டாக்டர் பெர்சி டர்னர் வந்தார், ஆஸ்பத்திரி எழுந்தது. அதற்குக் கேத்தரின் பூத் பெயரை வைத்தார்கள்.

ஒயிட்சேப்பலை அடுத்த மைல் எண்டு சாலையில் 1979 முதல் வில்லியமின் சிலை தனியாக நின்றது. பக்கத்தில் கேத்தரினுக்கும் சிலை வைக்க 2015 ஆயிற்று. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் நாகர்கோவிலில் ஆட்டோவில் ஏறி ‘கேத்தரின் பூத்’ என்று சொன்னால் போதும், எங்கே என்று யாரும் கேட்பதில்லை.