மரத்தளத்துக்கு அடியில் வந்து சேர்ந்த சூடு

ரொறன்ரோவில் பழைய வீடுகளுக்கு ஹீட்டிங் போடுவது என் தொழில். தரைக்கு அடியில் சுடுநீர்க் குழாய் ஓட்டலாம் என்றால், "இது என்ன புதுசா வந்த சாமானா, அண்ணை?" என்று நம்மவர்கள் கேட்பார்கள். தரையைச் சூடாக்கும் வித்தை இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. மரத்தளம் அதற்குள் வந்ததுதான் புதிது. அந்தத் தாமதத்தின் காரணம் தெரிந்தால்தான் இந்த வேலையைச் சரியாகச் செய்யலாம்.

ரோமானியர் தங்கள் குளியல் மண்டபத் தரையைக் குட்டைச் செங்கல் தூண்களின் மேல் நிறுத்தி, பக்கத்து உலையின் அனலை அடியில் ஓடவிட்டார்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் அந்தத் தூண்களை இன்றும் பார்க்கலாம். கொரியரின் ஒண்டோல் முறையில், அடுப்புப் புகை அறைக்கு அடியிலுள்ள கல் வாய்க்கால்கள் வழியே போய் மறுபுறத்துப் புகைபோக்கியால் வெளியேறும். மேலே தட்டைக் கல், அதன்மேல் களிமண் பூச்சு, அதற்கும் மேல் எண்ணெய் ஊட்டிய தாள். அடுப்புக்குக் கிட்டிய சூடான இடம் பெரியவர்களுக்கும் விருந்தாளிக்கும் உரியது. அதே வீட்டில் மரப்பலகை பாவிய கூடமும் உண்டு. அது கோடைக்கானது, அதற்கு அடியில் நெருப்பு இல்லை. கல்லுக்குத்தான் அனல், மரத்துக்குக் காற்று என்று அவர்கள் பிரித்துவைத்திருந்தார்கள்.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லொயிட் ரைட், ரோக்கியோவில் ஒரு செல்வந்தர் வீட்டுக் கொரிய அறையில் இந்தச் சூட்டை அனுபவித்தார். 1937இல் விஸ்கொன்சின் மாநிலத்து மடிசனில் அவர் கட்டிமுடித்த ஜேக்கப்ஸ் வீட்டில் குழாய்கள் கொங்கிறீட் தளத்தின் கீழே ஓடின. 1947 முதல் நியூயோர்க்குக்கு அருகே லெவிற்றவுனில் ஆயிரக்கணக்கில் எழுந்த வீடுகளில் செப்புக் குழாய்களைக் கொங்கிறீட்டுக்குள்ளேயே புதைத்தார்கள். பிற்காலத்தில் குழாய் ஒழுகியபோது, தளத்தை உடைத்தால்தான் அதை எட்டமுடிந்தது.

மரத்தளத்துக்கு வழி திறந்தது பெக்ஸ் குழாய். 1968இல் ஜெர்மானியர் தோமஸ் எங்கெல் உருவாக்கிய இந்தப் பிளாஸ்ரிக் வளையும், துருப்பிடிக்காது. நீண்ட சுருளாக வருவதால் நடுவில் பொருத்து இல்லாமலே ஓர் அறையைச் சுற்றிவரலாம். மேலே இருக்கும் ஓக் பலகையில் ஒன்றைக்கூடக் கழற்றாமல் கீழிருந்தே வேலை செய்ய இதனால்தான் முடிகிறது.

நூறு வயதை நெருங்கும் ரொறன்ரோ வீடொன்றின் பேஸ்மென்ற் கூரையைத் திறந்தால், பதினாறு அங்குல இடைவெளியில் தளத்தைத் தாங்கும் ஜொயிஸ்ற்கள் தெரியும். அவற்றின் மேல் அடிப்பலகை, அதன்மேல் ஓக். தளத்தை அறைந்த ஆணிகளின் கூர்முனைகள் அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு வரிசையாகக் கீழே நீட்டிநிற்கும். ஒவ்வொன்றையும் கிரைண்டரால் வெட்டவேண்டும். ஒன்று தப்பினாலும் குழாயைக் குத்திவிடும். பிறகு வாய்க்கால் வைத்த அலுமினியத் தகடுகளை அடிப்பலகையோடு இறுக்கி, குழாயை அதற்குள் அழுத்துவோம். தகடு சூட்டைப் பரப்பும். அது இல்லாவிட்டால் குழாய் போகும் கோட்டில் மட்டும் தளம் சுடும். கடைசியாக அடியில் இன்சுலேஷன். அதை விட்டால் நீங்கள் காசு கொடுத்த சூடு பேஸ்மென்றுக்குப் போய்விடும்.

மரம் சூட்டைத் தடுப்பதால், கொங்கிறீட்டுக்கு விடுவதைவிடச் சூடான நீர் வேண்டும். அதற்காக அளவு மீறவும் கூடாது. தளத்தின் மேற்பரப்பு ஏறக்குறைய 27 பாகை செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறோம். தாண்டினால் ஓக் காய்ந்து சுருங்கி, பலகைகளுக்கிடையே வெடிப்பு விழும். திடீர் ஏற்றமும் இறக்கமும் அதற்கு ஆகாது. ஆகவே வெளியே குளிர் கூடக்கூட நீரின் சூட்டைச் சிறிது சிறிதாக உயர்த்தும் கருவியைப் பொயிலரோடு இணைக்கிறோம்.

27 பாகைத் தளம் தரக்கூடிய சூட்டுக்கு ஓர் எல்லை உண்டு. யன்னலாலும் சுவராலும் அதைவிடக் கூடுதலாக வெளியேறினால் எந்தக் குழாயும் அந்த அறையைக் காப்பாற்றாது. ஆகவே இந்த வேலைக்கு ஆள் பிடிக்கும்போது, ஒவ்வோர் அறையும் இழக்கும் சூட்டைக் கணக்கிட்டுத் தரச்சொல்லிக் கேளுங்கள். கணக்கில்லாமல் விலை மட்டும் சொல்பவரிடம் உங்கள் ஓக் தளத்தை ஒப்படைக்காதீர்கள்.