தேடுபொறிக்கு எட்டாத தமிழ்ப் பக்கங்கள்

தேடுபொறியில் ஒரு பக்கம் கிடைக்க, அதிலுள்ள எழுத்தும் தேடுபவர் தட்டும் எழுத்தும் ஒரே குறியேற்றத்தில் இருக்க வேண்டும். 1990களின் தமிழ் இணையத்தில் அந்த ஒருமை இல்லை. இதழ்கள் தத்தம் எழுத்துருவைப் பயன்படுத்தின. அதை இறக்கி நிறுவிய வாசகருக்குத் தமிழ் தெரிந்தது. தேடுபொறிக்கு அவை பொருளற்ற லத்தீன் குறிகளாகவே தெரிந்தன.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதையொட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. இணைய ஆர்வலர்கள் உருவாக்கிய திஸ்கியும் புழக்கத்தில் இருந்தது. ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையின் பெயரைத் திஸ்கியில் எழுதினால், 'பே' என்ற எழுத்தில் இரட்டைக்கொம்பு முதலிலும் 'ப' பிறகும் பதிவாகும். யூனிகோடில் 'ப' முதலில் வரும். குறியெண்களும் வேறு. எனவே ஒன்றில் தேடினால் மற்றதில் உள்ள பக்கம் அகப்படாது.

யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000 வந்தபின் புழக்கம் கூடியது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. 2010இல் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது. பழைய எழுத்துருக்களில் தங்கிவிட்ட பக்கங்கள் யூனிகோடுக்கு மாற்றப்பட்டால்தான் இன்றைய தேடலில் கிடைக்கும்.