கங்காணியின் துண்டும் கார்த் தவணையும்



நம் மலைத் தோட்டத்துப் பள்ளியில் பிள்ளையை அழைத்துப் போக வந்த ஒரு தகப்பனார், ஒரு நாள் மாலை சட்டைப் பையிலிருந்து கடிதம் ஒன்றை எடுத்து நம்மிடம் நீட்டினார். “ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்க. நாலு வருசமா ஒரு மாசம் தவறாமக் கட்டியிருக்கேன். மிச்சம் உள்ள ஒரு வருசத்தையும் மொத்தமாக் கட்டிடறேன்னு கேட்டா, வட்டியிலே இருநூத்துச் சொச்சம் வெள்ளிதான் கழிப்பாங்களாம். ஏமாத்துறாங்களா?” என்று கேட்டார்.

அவர் காருக்காக 24,000 வெள்ளி கடன் வாங்கியிருந்தார். ஐந்தாண்டுத் தவணை, வட்டி 4 விழுக்காடு. ஐந்தாண்டு வட்டி 4,800 வெள்ளி. ஆக 28,800 வெள்ளியை அறுபது மாதங்களுக்குப் பங்கிட்டு, மாதம் 480 வெள்ளி கட்டி வந்தார். ஐந்தில் ஓராண்டு பாக்கி இருப்பதால் வட்டியிலும் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 960 வெள்ளி கழியும் என்று அவர் எதிர்பார்த்தார். கடிதத்தில் இருந்ததோ 204 வெள்ளி 59 காசு.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் இப்படி ஒரு கணக்கு எப்படி வந்தது என்பதை அறிய நாம் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

நம் முன்னோர்க்குக் கடன் புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு சீட்டு இருந்தது. கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவரிடம் இவர்களை விட்டுவிடச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. வேறு தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை அழைத்துக்கொள்வார். பழைய தோட்டத்தில் கடன் தீர்ந்தது. ஆனால் தொழிலாளிக்குத் தீரவில்லை. அவனோடு அதுவும் புதிய தோட்டத்துக்கு நடந்து போயிற்று. தன் பேரில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பார்க்கும் நிலையில் அவன் இல்லை. 1921இல்தான் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது.

மலாயாவில் 1907இல் குடியேற்ற நிதி ஏற்பட்டது. முதலாளிமார் கட்டிய பணத்திலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டதால், அந்த நிதியில் வந்தவர் தலையில் பயணக் கடன் ஏறவில்லை. 1910இல் ஒப்பந்தக் கூலி முறையும் முடிவுக்கு வந்தது. நம் கேமரன் மலையில் ரஸ்ஸல் என்பவர் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். ஆகவே இந்த மலையேறிய நம் பாட்டன்மார் பழைய ஒப்பந்தக் காலத்துக்குப் பிந்தியவர்கள். அதற்காகக் கடனே இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. கடைக் கணக்கும் அடகுக் கணக்கும் எந்த லயத்திலும் உண்டு.

இதற்கிடையே வேறொரு கடன் உலகமெங்கும் பரவியது. அமெரிக்காவில் சிங்கர் தையல் இயந்திரக் கம்பெனி 1850களிலேயே தவணை முறையில் இயந்திரம் விற்கத் தொடங்கிவிட்டது. அந்தத் தவணை மலாயாவுக்கும் வந்தது. இங்கிலாந்தில் 1895இல் ஒரு பியானோவைப் பற்றிய வழக்கில், கடைசித் தவணை கட்டும்வரை பொருளை வைத்திருப்பவர் வாடகைக்கு எடுத்தவரே, உடைமையாளர் அல்லர் என்று தீர்ப்பாயிற்று. வாடகைக் கொள்முதல் என்ற பெயரின் பொருள் இதுதான். மலேசியாவில் இதற்கென 1967இல் தனிச் சட்டம் வந்தது. 1985இல் புரோட்டோன் சாகா வெளிவந்தபின், கார் என்பது துரை வீட்டு வாசலில் மட்டும் நிற்கும் பொருளாக இல்லாமல் போயிற்று.

இனி அந்த 204 வெள்ளிக்கு வருவோம். அதற்குரிய கணக்குக்கு ‘எழுபத்தெட்டு விதி’ என்று பெயர். ஓராண்டுக் கடனில் முதல் மாதத்துக்கு 12 பங்கு வட்டி, அடுத்த மாதத்துக்கு 11, கடைசி மாதத்துக்கு 1. பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை கூட்டினால் 78. நம் பிள்ளைகளே கூட்டிச் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவில் இந்தியானா மாநிலச் சட்டத்தில் 1935இல் இது இடம்பெற்றது. அறுபது மாதக் கடனுக்கு மொத்தம் 1,830 பங்கு. கடைசிப் பன்னிரண்டு மாதங்களின் பங்கு 78 மட்டுமே. 4,800ஐ 78ஆல் பெருக்கி 1,830ஆல் வகுத்தால் அந்த 204 வெள்ளி 59 காசு கிடைக்கும். முதலாண்டு முடிவிலேயே அவர் அடைத்திருந்தால் 3,084 வெள்ளி கழிந்திருக்கும். இரண்டாமாண்டு முடிவில் 1,747 வெள்ளி.

இந்த விதியைத் திட்டுவோர் பலர். இதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். தொடக்கத்தில் நிலுவை பெரிது. அதனால் அப்போது வட்டியும் பெரிது. நிலுவைக்கு மட்டுமே வட்டி போடும் நேரான கணக்கைச் செய்து பார்த்தோம். அந்தத் தகப்பனாருக்கு அதிலும் இருபது வெள்ளியளவுதான் கூடக் கிடைத்திருக்கும். கடன் காலம் நீள நீள, வட்டி ஏற ஏற, இந்த வேறுபாடு வளரும். அதனால்தான் அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் 61 மாதங்களுக்கு மேற்பட்ட கடன்களில் இவ்விதியைத் தடுத்தது.

நம்மை உறுத்துவது வேறு. அந்த ‘4 விழுக்காடு’தான். கடன் மாதாமாதம் குறைகிறது. வட்டியோ ஐந்தாண்டும் முழு 24,000 வெள்ளிக்கே போடப்படுகிறது. கடைசி ஆண்டில் கையில் இருக்கும் கடன் ஐயாயிரத்துச் சொச்சம்தான், ஆனால் வட்டி இருபத்துநாலாயிரத்துக்கு! நிலுவைக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால், அந்த 4 உண்மையில் ஏறத்தாழ 7.4 விழுக்காடு. எண் தாளில் இருக்கிறது, படிக்கவும் தெரிகிறது. ஆயினும் அது முழுவதையும் சொல்லவில்லை. இந்த நிலைவட்டியையும் எழுபத்தெட்டு விதியையும் நீக்கி, குறையும் நிலுவைக்கு வட்டி போடும் வகையில் சட்டத்தைத் திருத்தப் போவதாக மலேசிய அரசாங்கம் 2025இல் தெரிவித்தது. பழைய ஒப்பந்தம் வைத்திருப்பவர்கள் தங்கள் தாளில் எந்த முறை எழுதியிருக்கிறது என்று கேட்டறிவது நல்லது.

அந்தத் தகப்பனாரிடம் இவ்வளவையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “வேற கடனும் ஒண்ணு இருக்குங்க ஐயா” என்று மெல்லச் சொன்னார். மனைவியின் சங்கிலி 3,000 வெள்ளிக்கு அடகுக் கடையில் இருந்தது. மாதம் நூற்றுக்கு இரண்டு வெள்ளி வட்டி. சீட்டைப் புதுப்பித்துப் புதுப்பித்து வைத்திருந்தார். மாதம் 60 வெள்ளி, ஆண்டுக்கு 720 என்று அவரே பலகையில் எழுதினார். பக்கத்தில் இருந்த 204ஐப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

மறுவாரம் தாப்பாவுக்கு இறங்கிச் சங்கிலியை மீட்டு வந்தார். கார்த் தவணை 480 வெள்ளி, முன்போல் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது.