பெலிக்காட்: கட்டம் போட்ட ஓர் ஊர்ப்பெயர்

கிள்ளான் தெங்கு கெலானா சாலைத் துணிக்கடையில் நாம் "கைலி" என்று கேட்டு வாங்குவதை, பக்கத்தில் நிற்கும் மலாய்க்காரர் "காயின் பெலிக்காட்" என்று கேட்பார். கடைக்காரர் இருவருக்கும் ஒரே அடுக்கிலிருந்துதான் எடுத்துப் போடுவார். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், திருவள்ளூர் மாவட்டத்து உப்பங்கழி ஏரிக்கரையில் இருக்கும் மீனவ ஊர் அது. துணியோடு சேர்த்துச் சொல்ல நாம் மறந்துவிட்ட அந்த ஊரை மலாய்மொழி இடுப்பில் கட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

போர்ட் கிள்ளான் வட்டாரத்தில் துண்டுத்துணிகளை இணைத்துப் போர்வையும் சுவர்ச்சீலையும் தைப்பவர்களுக்கு இந்தச் சொல்லின் கதை தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன். புது யோசனை தேடி அமெரிக்க, ஜப்பானியத் தையல் புத்தகங்களைப் புரட்டுகிறோம். அவற்றில் கற்க நிறைய உண்டு. ஆனால் வீட்டு அலமாரியில் பழசாகிக் கிடக்கும் கட்டம் போட்ட கைலிக்குள் நிறக்கணக்கும் அளவுகோலும் நெசவிலேயே இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

சொல்லை முதலில் பார்ப்போம். பழைய வேலங்காடு என்ற பொருளில் பழவேற்காடு என்று பிரித்துக் காட்டுவார்கள். போர்த்துக்கீசியர் வாயில் ழகரம் லகரமாகி, வேற்காட்டின் வகரமும் றகரமும் உதிர்ந்து, "பலியக்காத்" போன்ற வடிவம் வந்தது. ஆங்கிலேயர் அதைப் "புலிக்காட்" ஆக்கினார்கள். மலாய் நாவில் முதல் உயிர் தேய்ந்து பெலிக்காட், பெலெக்காட் என இரு வடிவங்களும் நின்றன. ஊர்ப்பெயரின் தலையும் நடுவும் இத்தனை மாறியும் கடைசியிலிருந்த "காடு" மட்டும் எல்லோர் வாயிலும் ஏறக்குறைய முழுசாகத் தப்பித்திருக்கிறது.

மலாயில் "லெக்காட்" என்றால் ஒட்டு; "பெலெக்காட்" என்றால் ஒட்டுவது. சுவரில் ஒட்டும் அறிவிப்புத் தாளுக்கும் அதே சொல் வழங்குகிறது. அது டச்சுக்காரரின் "பிளக்காத்" வழி வந்தது. ஆக, மூன்று வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து வந்தவை ஒரே ஒலியில் கலந்துவிட்டன. உடம்பில் ஒட்டிக்கொள்ளும் துணி என்பதால் இந்தப் பெயர் என்று யாராவது விளக்கம் சொன்னால் நம்ப வேண்டாம். துணியின் பெயர் கடல் தாண்டி வந்தது.

எப்படி வந்தது என்பதற்கு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாறு விடை தருகிறது. 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடம் அதுதான். கிராம்பும் சாதிக்காயும் விளைந்த கிழக்குத் தீவுகளில் வெள்ளிக்காசைவிடத் தமிழ், தெலுங்குக் கரையின் பருத்தித் துணிக்கே மதிப்பு அதிகம். துணி கொடுத்து வாசனைப்பொருள் வாங்கினார்கள். அந்தத் துணியெல்லாம் பழவேற்காட்டிலேயே நெய்யப்பட்டதல்ல. உள்நாட்டு நெசவூர்களிலிருந்து வந்து அந்தத் துறையில் கப்பல் ஏறியது. ஏறிய துறையின் பெயர் சரக்குக்கு ஒட்டிக்கொண்டது. கோழிக்கோட்டின் பெயர் "காலிகோ" ஆனதும் இப்படித்தான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத் தறிகளில்கூட "புல்லிகேட்" என்ற பெயரில் கட்டம் போட்ட கைக்குட்டைகளை நெய்திருக்கிறார்கள். அங்கே அந்தச் சொல் மறைந்துவிட்டது. இங்கே இன்னும் கடையில் பேசப்படுகிறது.

வாங்கிய மலாய்க்காரர்கள் கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொண்டவர்களும் அல்லர். மலாய் வரலாற்றுநூலான செஜாரா மெலாயுவில் ஹங் நாடிம் என்பவரின் கதை வருகிறது. மலாக்கா சுல்தான் மஹ்மூது அவரைத் துணி வாங்கிவரக் கலிங்க நாட்டுக்கு அனுப்புகிறார். சோழமண்டலக் கரையைத்தான் அப்படிச் சொல்கிறது அந்த நூல். அங்குள்ள சித்திரக்காரர்கள் வரைந்தது எதுவும் அவர் மனத்துக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் தானே தூரிகை எடுத்து, வேண்டிய உருவைத் தாளில் வரைந்து காட்டுகிறார். கதை என்றே வைத்துக்கொண்டாலும், வாங்குபவன் கையும் வடிவமைப்பில் புகுந்தது என்ற நினைவு அதில் இருக்கிறது. சோழமண்டலத் துணியை இரு கரைக் கைகளும் சேர்ந்து உருவாக்கின என்றே நான் அதைப் படிக்கிறேன்.

கொடுக்கல் வாங்கல் சொல்லிலும் உண்டு. மலாயில் "சாரோங்" என்றால் உறை. தலையணை உறையும் சாரோங்தான். குழாய்போல மூட்டிய இடுப்புத்துணிக்கு ஆகிவந்த அந்தச் சொல்லை இலங்கைத் தமிழர் "சாரம்" என்று எடுத்துக்கொண்டார்கள். நம் துணி மலாய்க்காரரிடம் போனது, அவர்கள் கட்டும் முறையின் பெயர் நம் பக்கம் வந்தது.

போர்ட் கிள்ளான் இந்தக் கதையில் பிந்தி வந்த துறை. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று திறக்கப்பட்டு, 1972-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1926 முதல் பல பத்தாண்டுகள் ஓடிய ரஜூலா கப்பலை நம் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அதற்குள் பழவேற்காடு துணித்துறையாக இருந்த காலம் முடிந்து நெடுநாள் ஆகிவிட்டது. கைலி நெசவுக்குக் குறிஞ்சிப்பாடியும் குடியாத்தமும் பேர்போன ஊர்களாயின. சாயமும் மாறியது. சாயவேரிலிருந்து சிவப்பும் அவுரியிலிருந்து நீலமும் எடுத்த கரையில், 1869-க்குப் பின் செயற்கைச் சிவப்பும் 1897-க்குப் பின் செயற்கை நீலமும் புகுந்தன. இப்போது இந்தோனேசிய விசைத்தறிகளிலிருந்தும் பெலிக்காட் வருகிறது. தைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாலியெஸ்டர் கலந்த துணி இஸ்திரி மடிப்பில் நிற்காது. முழுப் பருத்தியாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது பல வருடம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழையதை எடுங்கள்.

கட்டத்துக்கு வருகிறேன். பாவில் நான்கு நிற நூல், ஊடையில் அதே நான்கு நிற நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறம் ஒன்றோடொன்று சந்திக்கும் இடங்களில் நான்கு தனி நிறங்கள் கிடைக்கும். வேறு வேறு நிறங்கள் சந்திக்கும் இடங்களில் ஆறு கலப்புகள். நான்கு நூலிலிருந்து பத்து நிறம்! இவை தட்டில் குழைத்த சாயம்போல் கலப்பதில்லை. நூலுக்கு நூல் தனித்தனியாக நின்றுகொண்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிற கண்ணில்தான் கலக்கின்றன. அதனால் சுவர்ச்சீலைக்குத் துண்டு தேர்ந்தெடுக்கும்போது மேசையில் பரப்பிப் பார்த்தால் போதாது. சுவரில் குத்திவிட்டு அறையின் மறுகோடிக்குப் போய்ப் பாருங்கள். பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாகச் சண்டை போட்ட துண்டு, தூரத்தில் அமைதியான பழுப்பாக இருக்கும்.

கடையில் வாங்கும் கைலி சில நேரம் மூட்டாமல்தான் வரும். இரண்டு மீட்டர் நீளத் துணியின் இரு முனைகளையும் தையல்காரரிடம் கொடுத்து மூட்டி வாங்குவோம். நல்ல தையல்காரர் கோட்டுக்குக் கோடு, கட்டத்துக்குக் கட்டம் பொருத்தி மூட்டுவார். மூட்டு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். துண்டுவேலையின் முதல் பாடமும் கடைசிப் பாடமும் அதற்குள் இருக்கின்றன. முதலில் கோடுகளை அப்படிப் பொருத்தக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு, வேண்டுமென்றே அரைக் கட்டம் தள்ளித் தையுங்கள். பொருந்திவரும் கோடுகளுக்கு நடுவே ஒரு வரிசை மட்டும் விலகினால் கண் அங்கேதான் போய் நிற்கும். பொருத்தத் தெரியாத கை விலக்கினால் அது பிழையாகவே தெரியும்.

இன்னொன்று, மலாய்க்காரர் "கெப்பாலா" என்று சொல்லும் தலைப்பட்டை. கைலியின் உடலிலிருந்து நிறமோ கட்டமோ மாறி அகலமாக ஓடும் பட்டை அது. ஆண்கள் கட்டும்போது பின்பக்கம் வரும். பெரும்பாலோர் அதைத் துண்டு துண்டாக வெட்டி வீணாக்குகிறார்கள். எனக்கு அதை முழுசாக வைத்து, சுற்றிலும் மற்றத் துண்டுகளைக் கட்டி எழுப்புவதுதான் சரியென்று படுகிறது. நெசவாளர் மையம் என்று யோசித்து நெய்த ஒரே இடம் அது.

கிராஸில், அதாவது கோட்டுக்குச் சாய்வாக, வெட்டினால் கட்டம் வைரமாகும். ஆனால் அப்படி வெட்டிய துணி இழுக்க இழுக்க நீளும். மெல்லிய வெள்ளைப் பருத்தியை அடியில் வைத்து ஓரத்தை முதலில் நூலோட்டிவிட வேண்டும். கை ஓட்டுத்தையல் போடுகிறவர்களுக்குக் கட்டமே அளவுகோல்: பென்சில் கோடு வேண்டாம், ஒரு கோட்டில் ஊசி இறங்கி அடுத்த கோட்டில் ஏறினால் தையல் ஒரே சீராக விழும். வங்காளத்துக் கந்தா வேலையை இதில் போட்டுப் பார்க்கலாம். கந்தாவும் நம் கந்தையும் உறவுச்சொற்கள். நம் ஊர் வெக்கைக்கு நடுவில் பஞ்சு தேவையில்லை. இன்னொரு பழைய கைலியையே நடுத்துணியாக வைத்தால் போதும்.

சாயம் இறங்குமே என்ற பயம் நியாயமானது. வெட்டுவதற்கு முன் தனித்தனியாக ஊறவைத்துத் துவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். ஆனாலும் சாயம் இறங்குவதையே அழகாகக் கொண்டவர்களும் உண்டு. 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் விற்ற மெட்ராஸ் கட்டத்துணி துவைக்கத் துவைக்கச் சாயம் கலந்து மங்கியது. அந்த மங்கலையே சொல்லி விற்றார்கள், வாங்கினார்கள். பிறகு அதே துணியின் துண்டுகளை ஒட்டிச் சட்டையும் காற்சட்டையும் தைத்தார்கள். அங்கே அது கடற்கரை உடுப்பு.

இங்கே ஒட்டுத்துணிக்கு அதைவிட ஆழமான வழக்கு இருக்கிறது. வெட்டி மிஞ்சிய துண்டுக்கு மலாயில் "பெர்ச்சா" என்று பெயர். சுமத்ராவைப் பழைய மலாயில் பூலாவ் பெர்ச்சா என்றார்கள். கடலடித் தந்திக் கம்பிக்கு உறையான "கெத்தா பெர்ச்சா" பிசினின் பெயரிலும் இந்தச் சொல்லைக் காண்பவர்கள் உண்டு. துண்டுகளை ஒட்டிய வேலைக்கு "தம்பால் செரிபு", அதாவது ஆயிரம் ஒட்டு என்பார்கள். ஜாவாவில் "தம்பால்" என்ற பாத்திக் வடிவம் ஒட்டுத்துணிபோலவே வரையப்படும்; நோயாளிக்குப் போர்த்தினால் குணமாகும் என்று நம்பினார்கள். உடைந்ததை ஒட்டும் துணி உடம்பையும் ஒட்டும் என்ற எண்ணமாக இருக்கலாம். பாத்திக்கையும் பெலிக்காட்டையும் ஒரே போர்வையில் கலக்கும் வழக்கம் இப்போது பரவுகிறது. எனக்கு அது ஒப்பவில்லை. பாத்திக்கின் கொடியும் பூவும் கட்டத்தின் அமைதியைக் கெடுத்துவிடுகின்றன. பெலிக்காட்டுக்கு வெறும் நிறத்துணிதான் நல்ல துணை.

கோலாலம்பூரில் 2010-இல் திறந்த தேசிய ஜவுளி அருங்காட்சியகத்தில் சோங்கெட், பாத்திக் முதலிய துணிகளை நிதானமாகப் பார்க்கலாம். சபாவைச் சேர்ந்த கலைஞர் யீ ஐ-லான், நெசவுக்காரப் பெண்களோடு சேர்ந்து பாயையே உலகக் காட்சிக்கூடங்களுக்குக் கொண்டுபோயிருக்கிறார். வீட்டுத் தரையில் கிடந்த பாய்க்குக் கிடைத்த அந்த இடம், இடுப்பில் கட்டும் பெலிக்காட்டுக்கும் ஒரு கிள்ளான் கையால் கிடைக்க வேண்டும்.

பாய்ப் பின்னலிலிருந்து பெலிக்காட்டுக்கு எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. கட்டத்துணியில் கோடுகள் நேராகத்தான் ஓடும். சாய்வு வேண்டுமென்றால் வெட்டித்தான் திருப்ப வேண்டும். ஓலைப் பின்னலில் அப்படியில்லை. எத்தனை இழைக்கு மேலே, எத்தனைக்குக் கீழே என்று எண்ணிக்கையை நகர்த்தினாலே சாய்கோடு பிறந்துவிடும். இன்றைய பழவேற்காட்டில் பெண்கள் பனையோலையில் கூடை முடைகிறார்கள். போர்ட் கிள்ளானுக்குத் தெற்கே பூலாவ் கேரியில் மா மெரி பழங்குடிப் பெண்கள் ஓலை பின்னுகிறார்கள். கைலியைக் கிழித்து ஒரு விரல் அகல நாடாக்களாக்கி, அந்தப் பின்னலில் முடைந்து, பிறகு அடித்துணியில் வைத்துத் தைத்துப் பாருங்கள். ஒரு நாடாவின் கட்டம் இன்னொன்றின் கட்டத்துக்குக் குறுக்கே சாய்ந்து ஏறும். நாடா நழுவாமலிருக்க, முடையும்போதே ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு குண்டூசி குத்திக்கொள்ள வேண்டும்.